ஒரே கயிறு, இரண்டு பேரினம்: ஒன்பது செம்பாசிக் கொத்துகளை வகைப்படுத்திய பதிவு

ஒன்பது கொத்துப் பாசி. எல்லாமே உருண்டையான, மெல்லிய, கிளைவிட்ட கயிறுகள். தண்ணீருக்குள் கருஞ்சிவப்பு, எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்பு கலந்த சிவப்பு. இரண்டு கொத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. இவற்றில் எது கிராசிலேரியா, எது கிராசிலேரியாப்சிஸ் (இரண்டும் கடலில் வளரும் செம்பாசிப் பேரினங்கள்) என்று பிரிப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. டிஎன்ஏ ஒரு பக்கம், இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பு இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, ஒன்றின் பதிலை மற்றது தெரிந்துகொள்ளாமல் எழுதிவைத்து, கடைசியில் ஒப்பிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பெரும்பாலான கொத்துகள் சிக்கலின்றி முடிந்தன. நான்காம் எண் மட்டும் இரண்டு வாரம் இழுத்தது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில், ஏன் இந்த இரண்டு பேரினம்? வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் செம்பாசிகளில் எனக்குத் தெரியாது. கிராசிலேரியாப்சிஸை 1949-ல் டாசன் என்ற பாசியியலாளர் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிறகு அது மறுபடியும் கிராசிலேரியாவுக்குள் சேர்க்கப்பட்டது. 1989-ல் சூசன் ஃபிரெடெரிக்கும் மேக்ஸ் ஹோமர்சாண்டும் பெண் தாவரத்தின் உள்ளமைப்பை அணு அணுவாகப் பார்த்து, இரண்டும் வேறுதான் என்று நிறுவினார்கள். அதே ஆண்டில் இன்னொரு பெரிய காரியமும் செய்தார்கள். அதுவரை ஜிகார்டினேலிஸ் துறையில் (துறை என்பது பல குடும்பங்களை அடக்கிய பிரிவு) இருந்த இந்தக் குடும்பத்தை வெளியே எடுத்து, கிராசிலேரியேலிஸ் என்ற தனித் துறையாக்கினார்கள். கருவுற்ற பிறகு ஜிகார்டினேலிஸின் மற்றப் பாசிகளில் நடப்பது இவற்றில் நடக்கவில்லை என்பதுதான் காரணம். அங்கே கருவுற்ற செல்லிலிருந்து ஓர் இணைப்பு இழை கிளம்பி, தனியாக இருக்கும் துணைச் செல்லைத் தேடிப் போகும். இங்கே துணைச் செல்லும் கிடையாது, இணைப்பு இழையும் கிடையாது. கார்ப்போகோனியம், அதாவது பெண் இனச்செல், சுற்றியுள்ள செல்களோடு நேராகக் கலந்து ஒரு பெரிய இணைவுச் செல் ஆகிவிடும்.

ஐந்து ஆண்டு கழித்து, 1994-ல், ஆர்பிசிஎல் மரபணுவை வைத்துச் செம்பாசிகளின் முதல் பெரிய மரபுக்கிளை வரைபடம் வந்தது. அதிலும் இந்தக் கூட்டம் தனிக் கிளையாகவே நின்றது. பிளேடும் சாயமும் முன்கூட்டியே சொன்னதை மரபணு பின்னால் வந்து ஆமோதித்தது. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டதே இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

சரி, கரையில் என்ன செய்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தண்ணீர் நன்றாக இறங்கிய நேரத்தில், மணல் மூடிய கற்களில் ஒட்டியிருந்த கொத்துகளைப் பற்றுறுப்போடு பெயர்த்து எடுத்தேன். ஒவ்வொரு கொத்தையும் அங்கேயே மூன்று பங்காக்கினேன். ஒரு பங்கு சிலிக்கா ஜெல்லில், டிஎன்ஏவுக்கு. ஒரு பங்கு கடல்நீரில் கலந்த 5% ஃபார்மலினில், உள்ளமைப்பு பார்க்க. மீதி முழுவதும் தாளில் விரித்து அழுத்தி உலர்த்த. இந்த மூன்று பங்கு முறையை யாரும் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. ஃபார்மலினில் போட்ட திசு டிஎன்ஏவுக்குக் கிட்டத்தட்ட உதவாது. அது டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துத் துண்டு துண்டாக்கிவிடும். சிலிக்காவில் காய்ந்த திசுவோ சுருங்கி நொறுங்கிவிடும். அதை வெட்டிச் செல் அமைப்பைத் தெளிவாகப் பார்ப்பது கஷ்டம். தாளில் ஒட்டிய மாதிரிதான் நிரந்தர சாட்சி. நாளைக்கு ஒருவர் வந்து "இந்த டிஎன்ஏ வரிசை எந்தப் பாசியிலிருந்து எடுத்தது?" என்று கேட்டால் காட்ட வேண்டியது அதைத்தான்.

சிலிக்காவுக்குப் போகும் துண்டைத் தேர்ந்தெடுக்க ஒரு விதி வைத்திருந்தேன்: இளம் நுனிகளை மட்டும் எடுப்பது. அடிப்பகுதியில் டையட்டம் என்ற ஒற்றைச்செல் நுண்பாசி, சின்னப் பாசிகள், புழுக்களின் கூடு என்று எல்லாம் ஒட்டியிருக்கும். நுனி சுத்தமாக இருக்கும். விதி சரிதான். ஆனால் நான்காம் எண்ணில் என்னை வழிதவற வைத்ததும் இதே விதிதான்.

உருப்பெருக்கியின் கீழே கழுவும்போது கொத்துகளிலிருந்து ஐசோபாடு என்ற சின்னச் சின்ன ஓட்டுடலிகள் நிறைய வெளியே வந்தன. அரிசி மணியில் பாதி நீளம், தட்டையான உடல், ஏழு ஜோடிக் கால்கள். அவற்றைத் தனியே ஒரு கிண்ணத்தில் விட்டேன். செம்பாசிகளின் வாழ்க்கையில் எந்தக் கட்டத்திலும் நீந்தும் செல் கிடையாது. ஆண் செல்லுக்குக்கூட கசையிழை இல்லை. தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, கிராசிலேரியா கிராசிலிஸ் பாசியில் ஐடோட்டியா பால்திகா என்ற ஐசோபாடு உடம்பில் ஸ்பெர்மேஷியங்களை (ஆண் செல்களை) ஒட்டிக்கொண்டு போய்ப் பெண் தாவரத்தில் சேர்ப்பதைக் காட்டியது. பூவுக்குத் தேனீ மாதிரி. அதைப் படித்திருந்ததால் கிண்ணத்தில் ஓடிய அந்த உயிர்களை வெறும் அழுக்காக என்னால் பார்க்க முடியவில்லை. கழுவி முடித்ததும் கடல்நீரோடு திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்தது ஒவ்வொரு கொத்தும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலான செம்பாசிகளின் வாழ்க்கைச் சுழற்சி மூன்று கட்டமாக ஓடும். இனச்செல்களை உண்டாக்கும் ஆண், பெண் கேமீட்டகத் தாவரங்கள் ஒரு கட்டம். பெண் தாவரத்தின் மேலேயே வளரும் கார்ப்போஸ்போரகம் ஒரு கட்டம். அதன் வித்திலிருந்து வளரும் டெட்ராஸ்போரகத் தாவரம் மூன்றாவது. சில செம்பாசிகளில் இந்தக் கட்டங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். கிளிஞ்சலுக்குள் துளைத்து வாழும் கான்கோசெலிஸ் என்ற பாசியைத் தனி உயிர் என்றே நினைத்திருந்தார்கள். 1949-ல் கேத்லீன் ட்ரூ-பேக்கர்தான் அது போர்பைராவின் இன்னொரு கட்டம் என்று காட்டினார். கிராசிலேரியாவில் சிக்கல் தலைகீழ். கேமீட்டகமும் டெட்ராஸ்போரகமும் வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றுதான்.

இரண்டு, நான்கு, ஏழு ஆகியவற்றில் சிஸ்டோகார்ப் (கார்ப்போஸ்போரகம் வளரும் புடைப்பு) இருந்தது. அதாவது கருவுற்ற பெண் தாவரம். ஐந்தாம் எண் சற்று வெளிறித் தெரிந்தது. மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்ததும் ஆண் என்று தெரிந்தது. ஒன்று, மூன்று, எட்டு டெட்ராஸ்போரகங்கள். ஆறும் ஒன்பதும் வெறுமையானவை, எந்த உறுப்பும் இல்லை. டெட்ராஸ்போராஞ்சியம், அதாவது டெட்ராஸ்போரகத்தின் வித்துப்பை, சிலுவை வடிவில் நான்காகப் பிரிவது இரண்டு பேரினத்துக்கும் பொது. அதனால் ஒன்று, மூன்று, எட்டு, ஆறு, ஒன்பது எல்லாவற்றுக்கும் டிஎன்ஏதான் கதி. உள்ளமைப்பால் பேச முடிந்தவை நான்கே நான்கு.

வெட்டு வேலைக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் ஆசை அதிகம்.

சிஸ்டோகார்ப் வெளியே பார்க்க குண்டூசித் தலை மாதிரி ஒரு புடைப்பு. உச்சியில் ஒரு சின்னத் துளை. வித்துகள் அந்த வழியாகத்தான் வெளியேறும். வெட்டு அந்தத் துளையையும் அடியில் இருக்கும் இணைவுச் செல்லையும் சேர்த்துப் போனால்தான் பயன். ஓரத்தில் வெட்டினால் வெறும் செல் குவியல்தான் தெரியும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தெர்மாகோல் துண்டில் கீறல் போட்டு, அதற்குள் பாசித் துண்டைச் செருகி, இரட்டை முனை பிளேடைப் பாதியாக உடைத்து, உருப்பெருக்கியின் கீழே கையால் வெட்டினேன். பிளேடை அழுத்தக் கூடாது. நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அழுத்தினால் சிஸ்டோகார்ப் நசுங்கி உள்ளே இருப்பது பிதுங்கிவிடும். பத்து வெட்டுக்கு ஒரு முறை பிளேடின் புது இடத்துக்கு மாற வேண்டும். ஒரு புடைப்பிலிருந்து இருபது இருபத்தைந்து சீவல்கள் வந்தால், நடுவில் வரும் மூன்று நான்குதான் தேறும். அதனால் எல்லாவற்றையும் வரிசை கலையாமல் ஒரே ஸ்லைடில் அடுக்கிக்கொண்டே போனேன்.

சாயம் அனிலின் ப்ளூ, 1% கரைசல், கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தது. சில நிமிடம் ஊறவைத்துத் தண்ணீரில் அலசி, பாதி தண்ணீர் கலந்த சோளப் பாகில் பதித்தேன். சோளப் பாகு மெதுவாக உலர்ந்து கெட்டியாகும், வெட்டு சுருங்காது. ஓரத்தில் குறையக் குறைய நிரப்பிக்கொண்டே வந்தால் ஸ்லைடு வருஷக்கணக்கில் இருக்கும். பாகில் பூஞ்சை வராமல் இருக்க ஒரு துளி ஃபார்மலின் சேர்க்கலாம். செல்லின் உட்கருவைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் இரும்பு ஹீமடாக்சிலின்தான் சிறந்தது. பேரினத்தைப் பிரிக்க அனிலின் ப்ளூவே போதுமானதாக இருந்தது.

முதலில் ஏழாம் எண். நடுவெட்டு கிடைத்ததும் கவர் ஸ்லிப் போட்டுக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தேன். மேலே வளைந்த கூரை போல பெரிகார்ப், பல அடுக்குச் செல்கள். தரையில் நீலமாகப் பரவிய இணைவுச் செல். அதற்கு மேல் பெரிய பெரிய வெற்றறைச் செல்களாலான கோனிமோபிளாஸ்ட் (வித்துகளை உண்டாக்கும் திசு), அதன் விளிம்பில் கார்ப்போஸ்போர்கள் என்ற வித்துகள். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் கூரைப் பக்கம் நகர்த்தினேன். கோனிமோபிளாஸ்டிலிருந்து ஒரு நீண்ட குழாய்ச் செல் இடைவெளியைத் தாண்டிப் போய்க் கூரையின் உள் அடுக்கில் குத்தி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த சீவலில் மூன்று. குழாய் கூரையைத் தொடும் இடம் அடர்நீலத்தில் தனியாகத் தெரிந்தது. இவைதான் ஊட்டக் குழாய்ச் செல்கள். வளரும் வித்துக் கூட்டம் தாய்த் தாவரத்தின் கூரையோடு இணையும் வழி. கிராசிலேரியாவின் கையெழுத்து இது.

இரண்டாம் எண்ணை வெட்டியபோது கூரைக்கும் கோனிமோபிளாஸ்டுக்கும் இடையில் சுத்தமான வெற்றிடம். சீவலுக்குச் சீவல் தேடினேன், ஒரு குழாய்கூட இல்லை. கோனிமோபிளாஸ்ட் செல்கள் சிறியவை, உள்ளே சரக்கு நிறைந்தவை, நன்றாகச் சாயம் பிடித்தவை. கார்ப்போஸ்போர்கள் நேர் வரிசையில், மணி கோத்த மாதிரி. கிராசிலேரியாப்சிஸ். இந்த இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போயிருக்கும். வெளியே ஒரே கயிறு. உள்ளே வீடு கட்டிய விதமே வேறு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: "இல்லை" என்று எழுதுவது "இருக்கிறது" என்று எழுதுவதைவிடக் கடினம். குழாய்ச் செல் ஒன்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால், உண்மையில் இல்லையா அல்லது என் வெட்டு தவறிப் போனதா என்று தெரியாது. அதனால் இரண்டாம் எண்ணில் வெவ்வேறு வயதுள்ள ஐந்து சிஸ்டோகார்ப்புகளை முழுவதுமாகச் சீவி முடித்த பிறகே குறிப்பேட்டில் எழுதினேன்.

ஆண் தாவரமான ஐந்தாம் எண்ணில் ஸ்பெர்மேஷியங்கள் உருவாகும் இடம் ஆழமான குழிகளுக்குள் இருந்தது. மேலிருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாக, குறுக்கே வெட்டினால் சின்னச் சின்னப் பைகளாக. இதுவும் கிராசிலேரியா. கிராசிலேரியாப்சிஸ் என்றால் குழி இருக்காது, மேற்பரப்பிலேயே பரவலாகப் படர்ந்திருக்கும்.

நான்காம் எண்: பெரிய வெற்றறைச் செல்கள், கூரையில் குத்தி நிற்கும் குழாய்கள், சந்தேகமே இல்லாத கிராசிலேரியா. அப்படியே எழுதி மூடிவைத்தேன்.

அடுத்து டிஎன்ஏ. இங்கே முதல் அடி சறுக்கியது. இந்தச் செம்பாசிகளின் செல்சுவர் முழுக்க அகார் வகைப் பல்சர்க்கரைகள். முதல் மூன்று மாதிரிகளுக்குத் திசுவைத் தாராளமாக எடுத்து அரைத்தேன். நிறையப் போட்டால் நிறைய டிஎன்ஏ வரும் என்ற எண்ணம். செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே கொண்டுவரும் சிடிஏபி கரைசலில் 65 டிகிரியில் வைத்து, குளோரோஃபார்மில் கழுவி, ஐசோப்ரோப்பனால் ஊற்றியதும் குழாயின் அடியில் வெள்ளை இழை வருவதற்குப் பதிலாகக் கண்ணாடி மாதிரி ஒரு ஜெல்லிக் கட்டி உட்கார்ந்தது. டிஎன்ஏவும் பல்சர்க்கரையும் சேர்ந்தே இறங்கிவிட்டன. பிப்பெட் முனையில் உறிஞ்சினால் நூல் நூலாக இழுபட்டது.

அப்புறம் திசுவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். உலர்ந்த நுனி பத்து மில்லிகிராம், அவ்வளவுதான். சிடிஏபியில் மாசுகளைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்தேன். வீழ்படிவாக்கும் கட்டத்தில் உப்பைக் கூட்டினேன். உப்பு அதிகமாக இருந்தால் பல்சர்க்கரை கரைசலிலேயே தங்கும், டிஎன்ஏ மட்டும் இறங்கும். இந்தத் தடவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படிவு. போதும். பிசிஆர் (வேண்டிய டிஎன்ஏ துண்டை நொதியால் பல மடங்கு நகலெடுக்கும் முறை) போடும்போது ஒவ்வொன்றையும் மூன்று விதமாக வைத்தேன்: அப்படியே, பத்து மடங்கு நீர்த்தது, நூறு மடங்கு நீர்த்தது. நீர்க்காததில் ஒன்றுமே வரவில்லை. பத்து மடங்கில் மங்கலான கோடு. நூறு மடங்கில் பளிச்சென்று கோடு. டிஎன்ஏ குறைவாக இருந்தது பிரச்சினையே அல்ல. கூடவே வந்த தடுப்புப் பொருள்கள்தான் நொதியை முடக்கியிருந்தன. செம்பாசியில் பிசிஆர் வரவில்லை என்றால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், நீர்த்துப் பாருங்கள்.

ஜெல் ஓட்டியபோது ஒன்று மனதில் பட்டது. டிஎன்ஏ துண்டுகளைப் பிரிக்க நாம் ஊற்றும் அகரோஸ் ஜெல்லே செம்பாசியிலிருந்து வருவது. ஜெலிடியம், கிராசிலேரியா போன்றவற்றின் செல்சுவரிலிருந்து அகார். அகாரைச் சுத்திகரித்தால் அகரோஸ். குழாயில் என் வேலையைக் கெடுத்த அதே வகைப் பொருள்தான் தட்டில் என் வேலையை நடத்திக் கொடுக்கிறது.

இரண்டு மரபணுக்களைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒன்று ஆர்பிசிஎல், பசுங்கணிகத்தில் இருப்பது, 1,467 டிஎன்ஏ எழுத்துகள். நீளமானது என்பதால் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு துண்டுகளாக எடுத்தேன். பேரினங்களின் உறவைக் காட்ட இது நல்லது. இன்னொன்று சிஓஐ, மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது, சுமார் 660 எழுத்துத் துண்டு. 2005-ல் கேரி சாண்டர்ஸ் செம்பாசிகளுக்கு டிஎன்ஏ பார்கோடாகப் பரிந்துரைத்தது இதைத்தான். இது வேகமாக மாறக்கூடியது, நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க உதவும்.

வரிசைகள் வந்ததும் இரண்டு இடத்தில் நின்றேன். ஆறாம் எண்ணின் ஆர்பிசிஎல் தரவுத்தளத்தில் தேடினால் டையட்டத்தோடு போய்ப் பொருந்தியது. டையட்டத்தின் பசுங்கணிகமே பழங்காலத்தில் ஒரு செம்பாசியை விழுங்கியதால் வந்தது. அதன் ஆர்பிசிஎல்லும் செம்பாசி வகையைச் சேர்ந்தது. ஆகவே செம்பாசிக்கான பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா உறையைத் திறந்து உருப்பெருக்கியில் வைத்தேன். நுனியின் ஒரு பக்கம் பழுப்புப் பொடி படிந்திருந்தது. மென்தூரிகையால் தேய்த்துக் கழுவி மறுபடி எடுத்ததும் சரியான வரிசை வந்தது.

இரண்டாவது, சிஓஐ வரிசைகளைப் புரதமாக மொழிபெயர்த்தால் நடுநடுவே நிறுத்தக் குறிகள். புரதம் பாதியில் நிற்கிறது என்றால் அது உண்மையான மரபணுவாக இருக்க முடியாது என்று பயந்து, பிரைமர்களையே மாற்ற இருந்தேன். காரணம் மென்பொருளில் நான் தேர்ந்தெடுத்திருந்த குறியீட்டு அட்டவணை. செம்பாசியின் மைட்டோகாண்ட்ரியாவில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து நிறுத்தக் குறி அல்ல, டிரிப்டோஃபான். அட்டவணை 1-ஐ எடுத்துவிட்டு அட்டவணை 4-ஐப் போட்டதும் எல்லா நிறுத்தமும் மறைந்து, முழுநீளப் புரதம் வந்தது.

ஆர்பிசிஎல்லை வரிசைப்படுத்துவது எளிது, இடைவெளியே விழாது. ஒப்பிட்டு மரத்தின் வேரைக் காட்டும் வெளிக்குழுவாக அதே குடும்பத்தின் மெலந்தாலியா, கர்டியா ஆகியவற்றின் வரிசைகளைச் சேர்த்தேன். அதிகபட்ச நிகழ்தகவு முறையில் மரம் போட்டு, கிளைகளின் உறுதியைச் சோதிக்க ஆயிரம் பூட்ஸ்ட்ராப் ஓட்டினேன். இரண்டு கிளைகள் தெளிவாகப் பிரிந்தன. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, எட்டு ஒரு பக்கம், கிராசிலேரியாவோடு. இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது மறுபக்கம், கிராசிலேரியாப்சிஸோடு.

நான்கு மறுபக்கம்.

குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். நான்கு: கிராசிலேரியா, சந்தேகமில்லை என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். குழாய்ச் செல்கள் அங்கேயேதான் இருந்தன. டிஎன்ஏ வரிசையைப் படித்த கருவியின் வரைபடத்தில் சிகரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, ஒற்றைச் சிகரமாக இருந்தது. சிஓஐயும் அதையே சொன்னது. பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா இரண்டு சாட்சியும் ஒரு பக்கம், உள்ளமைப்பு எதிர்ப்பக்கம்.

டிஎன்ஏ வைத்த சோதனைக் குழாய்கள் மாறிப் போயிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். மீதமிருந்த சிலிக்கா நுனியிலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுத்தேன். அதே பதில். சரி, அப்படியென்றால் கிராசிலேரியாப்சிஸிலும் குழாய்ச் செல் வருமோ என்று கூட யோசித்தேன். அந்த எண்ணம் ஒரு நாள் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையாக இருந்தால் அது பெரிய செய்தி. ஆனால் இரண்டாம் எண்ணில் ஐந்து சிஸ்டோகார்ப் சீவியும் ஒரு குழாய் வரவில்லையே. ஒரே கிளையில் இருக்கும் இரண்டு தாவரத்தில் ஒன்றில் நிறைய, இன்னொன்றில் துளியும் இல்லை என்பது மனதுக்கு ஒட்டவில்லை.

ஒரு விஷயம் உறுத்தியது. வெட்டிப் பார்த்த துண்டும், டிஎன்ஏ எடுத்த துண்டும் ஒரே தாவரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே கொத்திலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான் தெரியும். நான்காம் தாளை வெளியே எடுத்து மேசைவிளக்கின் கீழே வைத்தேன். அழுத்தி உலர்ந்த கொத்தின் அடிப்பகுதியில் மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. ஈரத் தூரிகையால் மெதுவாக நனைத்து, மணலை ஒவ்வொன்றாக ஊசியால் தள்ளினேன். கீழே வட்டமான தட்டு மாதிரிப் பற்றுறுப்பு. அதன் ஓரத்தில், பாதி மறைந்தபடி, இன்னொரு வட்டத் தட்டு. இரண்டு தாவரங்கள், ஒரே கல்லில் ஒட்டி ஒட்டி முளைத்து, கயிறு கயிறாகப் பின்னிக்கொண்டவை.

ஒவ்வொரு கிளையையும் அடியிலிருந்து நுனி வரை ஊசியால் பின்தொடர்ந்து, ஒன்றின் ஓரமாகப் பென்சிலில் சிறு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். மாலைக்குள் பிரிந்துவிட்டது. சிஸ்டோகார்ப்புகள் எல்லாம் முதல் தட்டிலிருந்து வந்த கிளைகளில். இரண்டாம் தட்டின் கிளைகள் வெறுமையாக, வழவழவென்று இருந்தன. சுத்தமான நுனி வேண்டும் என்று கரையில் நான் தேடித் தேடி வெட்டியது இந்த வழவழப்பான கிளைகளைத்தான். புடைப்புள்ள கிளைகள் ஃபார்மலினுக்குப் போயின. டிஎன்ஏ ஒரு தாவரத்திலிருந்து, வெட்டு இன்னொன்றிலிருந்து.

நம்பினால் போதாது, நிரூபிக்க வேண்டும். தாளிலிருந்து சிஸ்டோகார்ப் உள்ள ஒரு சிறு கிளையை எடுத்தேன். புடைப்பைத் துளி சோப்புக் கரைசல் கலந்த நீரில் ஊறவைத்து வெட்டினேன். அதே புடைப்புக்கு அரை சென்டிமீட்டர் மேலே இருந்த தண்டை டிஎன்ஏவுக்கு வைத்தேன். இரண்டாம் தட்டின் கிளையிலிருந்து தனியே ஒரு துண்டு. உலர்த்திய தாளிலிருந்தும் டிஎன்ஏ வரும், கொஞ்சம் துண்டுபட்டிருக்கும், அவ்வளவுதான். பல பத்தாண்டு பழமையான மூலமாதிரிகளிலிருந்தே (ஒரு பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரிகள்) வரிசை எடுத்துப் பெயர்க் குழப்பங்களைத் தீர்த்திருக்கிறார்கள். 4அ: குழாய்ச் செல்கள் உண்டு, வரிசை கிராசிலேரியா. 4ஆ: உறுப்பு இல்லை, வரிசை கிராசிலேரியாப்சிஸ். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை.

டிஎன்ஏ மட்டும் பார்த்திருந்தால் நான்காம் தாளின் மேல் "கிராசிலேரியாப்சிஸ், சிஸ்டோகார்ப் உள்ள பெண் தாவரம்" என்று எழுதி ஒட்டியிருப்பேன். வரிசை தரவுத்தளத்துக்குப் போயிருக்கும், தாளின் படமும் போயிருக்கும். யாராவது அந்தப் படத்தைப் பார்த்துக் கிராசிலேரியாப்சிஸின் சிஸ்டோகார்ப் இப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டிருப்பார்கள். பூட்ஸ்ட்ராப் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இதைக் காட்டிக்கொடுக்காது. அது கிளை உறுதியா என்று சொல்லும், குழாயில் இருந்தது எந்தத் தாவரம் என்று சொல்லாது.

தரவுத்தளத்தில் தேடியபோது பழைய பெயர்களும் நிறைய எதிர்ப்பட்டன. "கிராசிலேரியா வெருக்கோசா" என்ற பெயரை உலகம் முழுக்க எந்த மெல்லிய உருண்டைக் கயிற்றுக்கும் வைத்துவந்தார்கள். 1995-ல் பிரிட்டன் கரையோர மாதிரிகளை ஆராய்ந்து, அந்தப் பெயருக்குள் கிராசிலேரியா கிராசிலிஸ், கிராசிலேரியாப்சிஸ் லாங்கிசிமா என்று இரண்டு பேரினங்களைச் சேர்ந்த இரண்டு பாசிகள் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். பெருவிலிருந்து விவரிக்கப்பட்ட கிராசிலேரியாப்சிஸ் லெமானிஃபார்மிஸ் என்ற பெயரும் இதேபோல உலகத்தின் பல கரைகளுக்கும் நீட்டப்பட்டது. ஆர்பிசிஎல் பார்த்த பிறகு அவற்றில் பல வேறு சிற்றினங்கள் என்று தெரிந்தது. அதனால் முதலில் வரும் பொருத்தத்தின் பெயரை அப்படியே எடுத்து எழுதவில்லை. அந்த வரிசை எந்தத் தாளிலிருந்து வந்தது, எங்கே சேகரித்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கோட்டை எங்கே போடுவது என்பதில் மரபணுவும் கடைசி வார்த்தை சொல்லிவிடுவதில்லை. 2018-ல் கிராசிலேரியாவிலிருந்து அகரோஃபைட்டான் முதலான கிளைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். 2021-ல் இன்னும் பெரிய மரபணுத் தொகுப்போடு வந்த ஆய்வு அவற்றைத் திரும்பக் கிராசிலேரியாவுக்குள் கொண்டுவந்தது. மரத்தின் கிளைகளைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. எந்தக் கிளைக்குப் பேரினம் என்று பெயர் வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. எனக்கு விரிந்த கிராசிலேரியாதான் சரியாகப் படுகிறது. கிராசிலேரியாவையும் கிராசிலேரியாப்சிஸையும் பிரிக்கும் கோட்டில் மட்டும் மரபணுவும் குழாய்ச் செல்லும் ஒரே இடத்தில் வெட்டுகின்றன. அந்தக் கோடு நிற்கும் என்று நம்புகிறேன்.

இனிமேல் கரையில் இப்படித்தான் செய்யப் போகிறேன்: பற்றுறுப்பை முதலில் கழுவி, தட்டு ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்த்த பிறகே கத்தரிக்கோல். சிலிக்காவுக்கும் ஃபார்மலினுக்கும் ஒரே கிளையின் அடுத்தடுத்த துண்டுகள். சிஸ்டோகார்ப் இருந்தால் அந்தப் புடைப்புக்கு நேர் மேலே இருக்கும் நுனிதான் டிஎன்ஏவுக்கு, கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, தூரிகையால் தேய்த்துக்கொள்ளலாம்.

கிராசிலேரியா கிளையில் இருந்த ஆறு தாவரங்களும் (4அ சேர்த்து) சிஓஐயில் ஓரிரு எழுத்து வித்தியாசத்தோடு ஒரே சிற்றினமாக நின்றன. கிராசிலேரியாப்சிஸ் தாவரங்கள் நான்கும் (4ஆ சேர்த்து) தங்களுக்குள் ஒத்திருக்கின்றன, ஆனால் நம்பத் தகுந்த தாளோடு கூடிய எந்த வரிசையோடும் நெருங்கவில்லை. அவற்றின் தாள்களில் பேரினத்தை மட்டும் எழுதிச் சிற்றினத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஆண் தாவரம் ஒன்று கிடைத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். நான்காம் தாளை நேற்று இரண்டாக்கினேன்: கிளைகளைத் தனித்தனித் தாளில் ஒட்டி, 4அ, 4ஆ என்று எண் போட்டு, இரண்டு பற்றுறுப்பும் பின்னிக் கிடந்த பழைய படத்தை இரண்டின் பின்பக்கமும் வைத்திருக்கிறேன்.